டெனிம்: நீலம் வெளியே, வெள்ளை உள்ளே. எப்படி?

கெட்டியான நீலத் துணி எதைப் பார்த்தாலும் டெனிம் என்று சொல்லிவிடுகிறோம். ஜீன்ஸும் டெனிமும் ஒன்றுதான் என்பார் ஒருவர். ஒரு பக்கம் மட்டும் சாயம் ஏற்றிய துணி என்பார் இன்னொருவர். சாயம் போகிறதா, அப்படியானால் மட்டமான சரக்கு என்று முடித்துவிடுவார் மூன்றாமவர்.

முதல் குழப்பத்தை ஒரே வரியில் தீர்த்துவிடலாம். டெனிம் என்பது துணி, ஜீன்ஸ் என்பது தைத்த உடுப்பு. டெனிமில் சட்டை, பை, ஜாக்கெட் எல்லாம் வரும். கார்டுராய் துணியில் தைத்த ஜீன்ஸும் உண்டு. மற்ற இரண்டும் அவ்வளவு சுலபத்தில் தீராது. அவற்றுக்குத் துணியைக் கொஞ்சம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீல ஜீன்ஸ் ஒன்றின் கால் ஓரத்தை மடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கருநீலம், உள்பக்கம் வெள்ளைக்கு அருகில் ஒரு வெளிர் நீலம். வெளிப்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். உள்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கமாக, நடுநடுவே நீலம். இந்தத் துணியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் யாரும் சாயம் போடவில்லை. துணியாக ஆவதற்கு முன்பே, நூலாக இருக்கும்போதே, பாதி வேலை முடிந்துவிட்டது.

பாவும் ஊடையும்

தறியில் நெய்யும் எந்தத் துணியிலும் இரண்டு வகை இழைகள் உண்டு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. அதன் குறுக்கே, இடமும் வலமுமாகப் போய்வருவது ஊடை. பாவு நெசவுக்கு முன்பே தயாராகி நிற்கும். ஊடை நெய்ய நெய்யச் சேரும்.

டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. பாவு நூலுக்கு மட்டும் சாயம் தோய்க்கிறார்கள். ஊடை நூல் பெரும்பாலும் சாயமே படாத பருத்தி நூல். சரி, நீலமும் வெள்ளையும் கலந்து நெய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கலவையாகத்தானே தெரிய வேண்டும்? சாதாரணமாக நெய்தால் அப்படித்தான் தெரியும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிப் போவது சாதா நெசவு. நீலப் பாவு, வெள்ளை ஊடை வைத்துச் சாதா நெசவில் நெய்த துணிக்கு ஷாம்ப்ரே என்று பெயர். மெல்லிய நீலச் சட்டைகளை 'டெனிம் சட்டை' என்று விற்பார்களே, அவற்றில் நிறைய உண்மையில் ஷாம்ப்ரேதான். நிறம் ஒன்று, நெசவு வேறு.

காகிதத்தில் நெய்து பார்க்கலாம்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கையால் செய்து பார்ப்பது சுலபம். நீலக் காகிதத்தில் எட்டுப் பட்டைகள், வெள்ளைக் காகிதத்தில் எட்டுப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். நீலப் பட்டைகளை மேலிருந்து கீழாக வரிசையாக ஒட்டுங்கள். இதுதான் பாவு. இடமிருந்து வலமாக ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது முதல் வெள்ளைப் பட்டையை, முதல் நீலப் பட்டைக்கு மேலே விட்டு, அடுத்த மூன்றுக்கு அடியில் நுழையுங்கள். பிறகு ஐந்தாவதுக்கு மேலே, ஆறு, ஏழு, எட்டுக்கு அடியில். அதாவது ஒன்றுக்கு மேலே, மூன்றுக்கு அடியில்.

இரண்டாவது வெள்ளைப் பட்டையும் இதே கணக்குதான், ஆனால் ஒரு பட்டை தள்ளி: இரண்டுக்கும் ஆறுக்கும் மேலே வரட்டும். மூன்றாவது பட்டை மூன்றுக்கும் ஏழுக்கும் மேலே. நான்காவது, நான்குக்கும் எட்டுக்கும் மேலே. ஐந்தாவது வரிசையில் முதல் வரிசை திரும்ப வரும்.

முடித்ததும் தள்ளி நின்று பாருங்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் முந்தையதற்குப் பக்கத்தில் ஒரு படி தள்ளி நிற்கும். அவை சேர்ந்து சாய்கோடாகத் தெரியும். மொத்தப் பரப்பில் முக்கால் பங்கு நீலம், கால் பங்கு வெள்ளை. அப்படியே திருப்பிப் போட்டால் முக்கால் பங்கு வெள்ளை, கால் பங்கு நீலம். ஒரு பக்கச் சாயம் என்ற கதை இங்கேயே முடிந்தது.

இப்படிச் சாய்கோடு விழும்படி நெய்வதற்கு ட்வில் நெசவு என்று பெயர். மூன்று பாவு இழை மேலே, ஒன்று கீழே என்பதால் ஆலைகளில் இதை 3/1 ட்வில் என்று குறிப்பார்கள். கனமான ஜீன்ஸ் துணி பெரும்பாலும் இதுதான். சட்டைக்கான மெல்லிய டெனிமில் 2/1 ட்வில்லும் வரும்.

ஏன் இந்த நெசவு?

ட்வில் என்றாலே வலு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அதே நூல், அதே எண்ணிக்கை என்றால் சாதா நெசவுத் துணிதான் விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு இழையும் அடுத்ததைக் கவ்விப் பிடித்திருக்கும் அல்லவா? ட்வில்லில் கவ்வும் இடங்கள் குறைவு. அதனால் அதே இடத்தில் இன்னும் நிறைய இழைகளை நெருக்கி அடைக்க முடியும். நூலும் தடிமனாக இருக்கலாம். துணி கனமாகவும் நெருக்கமாகவும் வந்தாலும் மடங்கும், வளையும். முட்டி மடக்கி உட்கார முடிகிறது.

கிழிசலிலும் ஒரு லாபம் உண்டு. கிழிக்கும் இடத்தில் ட்வில்லின் இழைகள் கொஞ்சம் நகர்ந்து ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். இழையை ஒவ்வொன்றாக அறுக்க முடியாமல், கற்றையாக அறுக்க வேண்டிவரும். வேலைக்குப் போடும் உடுப்புக்கு வேறென்ன வேண்டும்?

நூலின் தடிமனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருத்தி நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் குறையக் குறைய நூல் தடிமன். நயமான சட்டைத் துணியில் 40ஆம் நம்பர், அதற்கும் மேல் இருக்கும். ஜீன்ஸ் டெனிமில் 6, 7, 8 என்ற ஒற்றை இலக்க நம்பர்கள் சர்வ சாதாரணம். அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 70 பாவு இழைகள், 40 முதல் 50 ஊடை இழைகள். 60 அங்குல அகலத் துணிக்கு, அங்குலத்துக்கு 65 என்று வைத்தால், தறியில் ஏறும் பாவு இழைகள் 3,900. அத்தனைக்கும் ஒரே நீலம் ஏற வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நீலப் பாவு, வெள்ளை ஊடை, மூன்று மேலே ஒன்று கீழே. வெளியே நீலம் தெரிவதற்கும், உள்ளே வெளுப்பாக இருப்பதற்கும், சாய்கோட்டுக்கும் இந்த மூன்று போதும். ஆனால் ஜீன்ஸ் ஏன் இப்படி வெளுக்கிறது என்பதற்கு இவை போதாது. அதற்குச் சாயத்தொட்டிக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் கரையாத சாயம்

டெனிமின் நீலம் இண்டிகோ. ஒரு காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே நீலம். ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்க வழி கண்டார். 1905இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய டெனிம் பெரும்பாலும் செயற்கை இண்டிகோதான். மூலக்கூறு அளவில் செடிச் சாயமும் இதுவும் ஒன்றே.

இண்டிகோவிடம் ஒரு வம்பு உண்டு: தண்ணீரில் கரையாது. கரையாத பொடி நூலுக்குள் எப்படிப் போகும்? அதனால் காரம் கலந்த தொட்டியில், சோடியம் ஹைட்ரோசல்பைட் போன்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். இதற்கு ஒடுக்கம் என்று பெயர். ஒடுங்கிய இண்டிகோ தண்ணீரில் கரையும். ஆனால் அது நீலமாக இருக்காது, பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும்.

ஆலையில் பார்க்க வேண்டிய காட்சி இங்கேதான் இருக்கிறது. முந்நூறு, நானூறு பாவு இழைகளை ஒன்றாகத் திரட்டி ஒரு கயிறாக்குகிறார்கள். இப்படிப் பல கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். கயிறு தொட்டிக்குள் முங்கி, சில நொடிகள் கழித்துப் பிழிந்துகொண்டு வெளியே வரும். வரும்போது மஞ்சள் கலந்த பச்சை. அப்படியே உயரத்தில் இருக்கும் உருளைகளை நோக்கி ஏறும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் நிறம் மாறத் தொடங்கும். மேலும் கீழுமாக அது சுற்றி வருவதற்குள் பச்சை இருண்டு நீலமாகிவிடும். கரைந்திருந்த சாயம் நூலிலேயே மறுபடியும் கரையாத நீலமாகிவிட்டது. பிறகு அடுத்த தொட்டி. மறுபடி முங்கல், மறுபடி காற்று.

ஏன் இத்தனை தடவை? பருத்தியோடு இண்டிகோவுக்கு ஒட்டுதல் குறைவு. ஒரு முங்கலில் வெளிர் நீலம்தான் கிடைக்கும். ஆறு, எட்டு முங்கல் என்று அடுக்கடுக்காக ஏற்றினால்தான் கருநீலம். முங்கும் நேரமோ குறைவு, நூலோ தடிமன், முறுக்கேறியது. அதனால் சாயம் நூலின் நடுப்பகுதி வரை போவதில்லை. மேலே ஒரு நீல வளையம், நடுவில் வெள்ளை. இதற்கு வளையச் சாயம் என்று பெயர். டெனிம் டெனிமாக இருப்பதற்கு நெசவைவிட இந்தக் குறைதான் பெரிய காரணம் என்பேன்.

வெளுப்பது பழுதல்ல

இண்டிகோ பருத்தியோடு வேதிப் பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்வதில்லை. நூலின் மேற்பரப்பில் சிக்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உரசல் பட்டால் மேல் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். அடியில் இருக்கும் வெள்ளை தலைகாட்டும். தொடையில் மடிப்பு விழும் இடம், முட்டியின் பின்பக்கம், பாக்கெட்டில் போன் வைக்கும் இடம் என்று உரசல் எங்கே அதிகமோ அங்கே முதலில் வெளுக்கும். அதனால்தான் ஒரே துணியில் தைத்த இரண்டு ஜீன்ஸ் இரண்டு பேரிடம் போய் இரண்டு விதமாக வெளுக்கின்றன.

நூலின் நடுப்பகுதி வரை சாயம் ஊறிய துணியும் காலப்போக்கில் மங்கும். ஆனால் அது மொத்தமாக, சோர்ந்துபோன மாதிரி மங்கும். டெனிமில் கிடைக்கும் கருநீலமும் வெண்மையுமான ஏற்ற இறக்கம் அதில் வராது. ஆக, புது ஜீன்ஸ் வெள்ளை சோபாவில் நீலம் அப்பினால் சாயப்பட்டறையில் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. (சோபாவுக்குச் சொந்தக்காரரிடம் இந்த விளக்கம் எடுபடாது என்பது வேறு விஷயம்.)

கடையில் வாங்கும்போதே வெளுத்து வரும் ஜீன்ஸ் இருக்கிறதே, அதுவும் இதே உரசல்தான், வேகப்படுத்தியது. ப்யூமிஸ் எனப்படும் எரிமலை நுரைக்கல்லோடு சேர்த்துத் துவைப்பது ஒரு வழி. பருத்தியின் மேல் நார்களை மட்டும் அரிக்கும் செல்லுலேஸ் என்ற நொதி இன்னொன்று. இப்போது லேசர் கதிரால் மேற்பரப்பை எரித்தும் கோலம் போடுகிறார்கள். மணலை வேகமாக அடித்து வெளுக்கும் முறையும் இருந்தது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. துருக்கி 2009இல் அந்த முறையைத் தடை செய்தது. வெளுத்த ஜீன்ஸ் அழகுதான், ஆனால் அந்த அழகை யாருடைய மூச்சுக்காற்றில் வாங்கினார்கள் என்பதும் இதே துணியின் கதையில் அடக்கம்.

கறுப்பு டெனிம் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பெரும்பாலும் கந்தகச் சாயம்; வெளுக்கும் விதமும் வேறு.

தறியில் என்ன நடக்கிறது

சாயம் காய்ந்த கயிறுகளைப் பிரித்து, இழைகளைத் தனித்தனியாகப் பரப்பி, பெரிய உருளையில் சுற்றுகிறார்கள். அப்புறம் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். தறியில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை உரசலும் இழுப்பும் வாங்கப்போவது பாவுதான்; கஞ்சி இல்லாவிட்டால் சிலும்பி அறுந்துவிடும். புது டெனிம் அட்டை போல விறைத்து நிற்பதற்கு இந்தக் கஞ்சிதான் முக்கியக் காரணம்.

தறியில் ஒவ்வொரு பாவு இழையும் விழுதின் கண்ணுக்குள் நுழைந்து போகும். விழுது என்பது இழையைத் தூக்கி இறக்கும் கண்ணி. அவற்றை வரிசையாகக் கோத்த சட்டங்கள் மேலும் கீழும் போய்வரும். 3/1 ட்வில்லுக்குக் குறைந்தது நான்கு சட்டங்கள் வேண்டும். மூன்று சட்டங்கள் எழும்பும், ஒன்று கீழே நிற்கும். நடுவில் கிடைக்கும் திறப்பில் ஊடை பாயும். சீப்பு போன்ற அச்சு வந்து அந்த ஊடையை முந்தையதோடு நெருக்கித் தள்ளும். அடுத்த தடவை வேறொரு சட்டம் கீழே நிற்கும். காகிதத்தில் 'ஒரு பட்டை தள்ளி' என்று செய்தோமே, அதைத்தான் நான்கு சட்டங்களும் முறை வைத்துச் செய்கின்றன.

எந்த வரிசையில் முறை வருகிறது என்பதைப் பொறுத்துச் சாய்கோடு வலப்பக்கமாகவோ இடப்பக்கமாகவோ ஏறும். வலது ட்வில்தான் அதிகம். லீ நிறுவனம் இடது ட்வில்லுக்குப் பெயர் பெற்றது. இரண்டிலும் ஒரு தொல்லை: கோடு ஒரே திசையில் ஓடுவதால் துணி ஒரு பக்கம் இழுக்கும். துவைத்த பிறகு பேன்ட்டின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்திருக்கலாம். தையற்காரர் மேல் தப்பில்லை, நெசவின் குணம் அது. இதைச் சமாளிக்க, கோட்டை நடுநடுவே முறித்துத் திசை மாற்றி நெய்யும் முறிந்த ட்வில்லை 1960களில் ராங்லர் நிறுவனம் தன் ஜீன்ஸில் கொண்டுவந்தது. மற்றவர்கள் துணியை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கோணலாக இழுத்துப் பதப்படுத்திவிடுகிறார்கள்.

சுருக்கமும் இப்படித்தான். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். பதப்படுத்தாத டெனிம் 10 சதவீதம் வரைகூடச் சுருங்கலாம். கால் நீளம் 32 அங்குலம் என்றால் மூன்று அங்குலம் போய்விடும். அமெரிக்கரான சான்ஃபோர்ட் க்ளூயெட் கண்டுபிடித்த முறைக்கு அவர் பெயரிலேயே சான்ஃபரைசிங் என்று பெயர். ஈரத் துணியைத் தடித்த ரப்பர் பட்டையோடு அழுத்தி ஓட்டுவார்கள். இழுபட்ட பட்டை சுருங்கும்போது துணியையும் சேர்த்துச் சுருக்கிவிடும். வீட்டில் நடக்க வேண்டியது ஆலையிலேயே நடந்துவிடுகிறது.

செல்வெட்ஜ் என்ற மந்திரச்சொல்

டெனிம் பேச்சில் அதிகம் புரளும் வார்த்தை இது. செல்வெட்ஜ் என்றால் துணியின் கரை. பழைய தறியில் ஊடை நூல் நாடாவுக்குள், அதாவது ஊடையைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் கருவிக்குள் இருக்கும். நாடா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய், அறுபடாத அதே நூலோடு திரும்பி வரும். அதனால் ஓரம் தானாகவே பிரியாமல் பூட்டிக்கொள்ளும். இந்தத் துணியின் அகலம் ஏறத்தாழ 30 அங்குலம்தான். நாடா இல்லாத புதிய தறிகள் இரண்டு மடங்கு அகலத்தில், பல மடங்கு வேகத்தில் நெய்யும். ஆனால் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படும். ஓரம் குஞ்சம் போலப் பிசிறி நிற்கும், தைக்கும்போது மடக்கி ஓவர்லாக் போட வேண்டும்.

இதிலிருந்து 'செல்வெட்ஜ் என்றாலே உயர்தரம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரை சொல்வதெல்லாம் எந்த வகைத் தறியில் நெய்தது என்பதை மட்டுமே. பருத்தி நல்லதா, நூல் எப்படி நூற்றது, சாயம் எத்தனை முங்கல் என்பதையெல்லாம் அது சொல்லாது. பழைய தறியில் மெதுவாக நெய்யும்போது துணியில் லேசான மேடு பள்ளம் விழும், அது வெளுக்கும்போது அழகாகத் தெரியும் என்பது உண்மை. அதற்காக விலை கொடுப்பவர்கள் தெரிந்தே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் லீவைஸ் நிறுவனத்துக்கு நெடுங்காலம் துணி கொடுத்த கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை, 1905இல் தொடங்கி 2017 கடைசி வரை ஓடியது. அங்கே டிரேப்பர் என்ற பழைய நாடாத் தறிகளும் ஓடின. இன்று இந்த வகைத் துணிக்கு ஜப்பானின் ஒகாயாமா வட்டார ஆலைகளைத்தான் பலரும் தேடிப்போகிறார்கள்.

லீவைஸ் என்றதும் இன்னொன்று. டெனிமைக் கண்டுபிடித்தவர் லீவை ஸ்ட்ராஸ் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவரும் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873 மே 20 அன்று வாங்கிய காப்புரிமை, பாக்கெட் மூலைகளில் உலோகக் குமிழ் அறைந்து வலுவூட்டும் முறைக்கு. துணி அவர்களுக்கு முன்பே இருந்தது. வெளி ஆலையிலிருந்து வாங்கித்தான் தைத்தார்கள்.

எடையும் இழுபடும் நூலும்

டெனிமின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். 12 அவுன்ஸ் டெனிம் என்றால் சதுர மீட்டர் 400 கிராம் சொச்சம். சட்டைக்கு 8 அவுன்ஸுக்குக் கீழே, பேன்ட்டுக்கு 10 முதல் 14. அதற்கு மேல் போவது ரசிகர்களுக்கானது. வெயிலில் போட்டுப் பார்த்தால் புரியும்.

இழுபடும் ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற நூல் சேரும். ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கியது. லைக்ரா அதன் வணிகப் பெயர். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சதவீதம், அதுவும் ஊடை நூலின் நடுவில், பருத்தி மேலே சுற்றியபடி. ஊடையில் மட்டும் இருப்பதால்தான் இந்த ஜீன்ஸ் குறுக்குவாக்கில் இழுபடுகிறது, நீளவாக்கில் இழுபடுவதில்லை.

கையில் இருப்பது டெனிம்தானா?

துணியின் வெட்டிய ஓரத்திலிருந்து நீள இழை ஒன்றும் குறுக்கு இழை ஒன்றும் உருவுங்கள். ஒன்று நீலம், மற்றது வெள்ளை என்றால் பாதி தெரிந்துவிட்டது. இரண்டும் நீலம் என்றால் நெய்த பிறகு சாயம் போட்ட துணியாக இருக்கலாம், அல்லது ஊடைக்கும் வேண்டுமென்றே நிறம் கொடுத்திருக்கலாம். நீல இழையின் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக இருந்தால் வளையச் சாயம். சாய்கோடு இல்லாமல் நீலமும் வெள்ளையும் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் ஷாம்ப்ரே. டெனிம் மாதிரியே தெரியும் லெக்கிங்ஸ் வகைகளில் உருவ இழையே வராமல், இழுத்தால் கண்ணி கண்ணியாக அவிழும். அது தறிக்குப் போகாமல் பின்னல் இயந்திரத்தில் பின்னிய துணி. சாய்கோடு தெரிந்தாலும் அது பின்னலிலோ மேலே அச்சடித்ததிலோ வந்த தோற்றம்தான்.